தளர்த்திய தட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் அங்கே எடுத்த மார்புப் படங்களும் நேற்று வந்து சேர்ந்தன. அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்ததில் நிம்மதி. பெரியவள் பரீட்சைக்குத் தானே படித்துக்கொள்வாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து காவல் காக்க வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். அங்குள்ள டாக்டர் இடது மார்புக் கட்டியிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிக்கு வரச் சொல்லியும், பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப் போட்டிருக்கிறாய். போன வருஷம் தங்கையே எடுத்த படத்தில் ஒன்றும் இல்லை, அதற்குள் என்ன முளைத்துவிடப் போகிறது என்று அவரிடம் வாதாடியதைப் பெருமையாக வேறு எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா, அந்தப் படத்தை நம்பாதே.

பதினோரு வருஷமாக இந்த மேமோகிராம் அறையில் நிற்கிறேன். மார்பை இரண்டு தட்டுக்கு நடுவே நன்றாக அழுத்தினால்தான் படம் தெளிவாக விழும். யார் அழுதாலும் தளர்த்த மாட்டேன். கல்நெஞ்சுக்காரி என்றே இங்கே எனக்குப் பெயர். அன்றைக்கு இடது பக்கம் எடுக்கும்போது நீ, "வலிக்குதுடி, போதும் விடு" என்றாய். நீ என்பதால் தட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். படம் கலங்கலாக விழுந்தது. திரும்ப எடுக்க மனசு வரவில்லை. இது போதுமா என்று எங்கள் டாக்டர் கேட்டதற்கு, இதற்கு மேல் அழுத்த முடியவில்லை என்று கூசாமல் பொய் சொன்னேன்.

நேற்று இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். இப்போது கட்டி தெரியும் இடம்தான் அன்று கலங்கியிருந்தது. அன்றே இருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அப்படிப் பண்ணியவள் நான். இப்போது தெரியும் கட்டியின் ஓரம் எனக்குப் பிடிக்கவில்லை. படம் எடுப்பவள் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு, அதற்கு மேல் எழுதவில்லை.

இன்று காலை எங்கள் டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. அக்காவிடம் சொன்னாயா என்று மட்டும் கேட்டார். போனில் சொன்னால் நீ என்னைத் தேற்றுவதிலேயே நேரத்தைக் கழிப்பாய். அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்கே கிடைத்துவிடும்.

திட்டு, பேசாமல் இரு, என் முகத்தில் விழிக்காதே, எல்லாம் சரி. இந்த வாரமே பயாப்ஸிக்குப் போய்விடு. மறுபடி படம் எடுப்பார்கள். அந்தப் பெண் யாரோ எவளோ, நன்றாக அழுத்துவாள். எவ்வளவு வலித்தாலும் விடு என்று மட்டும் சொல்லிவிடாதே, அக்கா. நீ எனக்கு வேண்டும்.

உன்
வாயாடி