பால் இன்னும் வற்றவில்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணங்கி எழுதுகிறேன். உன் மூட்டுவலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? நான் சௌக்கியம், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நேற்று ஒரு கூத்து. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். வெளியே ஏதோ ஒரு குழந்தை வீலென்று அழுதது. நம் பாப்பா குரலேதான்! மார்பு சுருக்கென்று கூசியது. குனிந்து பார்ப்பதற்குள் சட்டை முன்பக்கம் நனைந்துவிட்டது. இங்கே வந்து இரண்டு மாதமாயிற்றே, பால் வற்றிவிட்டது என்றல்லவா நினைத்திருந்தேன்!

"என்னம்மா, தண்ணி கொட்டிக்கிட்டியா?" என்று மேற்பார்வைக்காரர் கேட்டார். "ஆமா சார்" என்றேன்.

பக்கத்தில் மடிக்கிற அக்காவுக்கு மட்டும் புரிந்துவிட்டது. ஒரு துண்டை என் மேல் போர்த்தி, துணி அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

"பிள்ளைக்கு எத்தனை மாசம்?"

"ஏழு, அக்கா."

"என் பிள்ளையை விட்டுட்டு வந்தப்ப எனக்கும் இப்படித்தான். நான் வெளியே நிக்கிறேன், நீ அழுதுக்கோ."

அதிகம் அழவில்லை அம்மா, கவலைப்படாதே.

அடர்நிறத்தில் இரண்டு பருத்திச் சட்டை அனுப்பு. வேலைக்கு மணி அடித்துவிட்டது. இன்னொன்று மட்டும். போனில் பேசும்போது பாப்பா அழுதால், நான் வருந்துவேன் என்று உடனே வைத்துவிடுகிறாய். இனிமேல் வைக்காதே. கொஞ்ச நேரம் கேட்டுக்கொள்கிறேன்.

உன் மகள்