துரையின் கொட்டாவி

மார்ச் 4, திங்கள்
நாய்கள் காப்பகத்திலிருந்து துரை வந்து பத்து நாள். என்னிடம் வாலை ஆட்டும் நாய், என் வீட்டுக்காரரைக் கண்டால் மட்டும் உறுமுகிறது. இன்றும் அப்படித்தான். "ஞாயித்துக்கிழமை காப்பகத்துலயே கொண்டு விட்டுடலாம். போன் பண்ணிச் சொல்லிட்டேன்" என்றார். ஏற்கெனவே இரண்டு வீட்டார் திருப்பி அனுப்பிய நாய். மூன்றாவது நாங்களா?

மார்ச் 5
"நான் கொஞ்சினா கொட்டாவி விடுது பாரு, திமிரு!" என்றார் இவர். சிரித்துத் தொலைத்தேன். கோபித்துக்கொண்டு செய்தித்தாளோடு திண்ணைக்குப் போய்விட்டார்.

மார்ச் 6
அலமாரியில் போனைச் சாய்த்து வைத்து, இவர் வேலை முடிந்து வந்து துரையைக் கொஞ்சுவதைப் படம் பிடித்தேன். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் – அடேயப்பா! உறுமலுக்கு முன்னால் எவ்வளவு பேசுகிறது! முகத்தைத் திருப்புகிறது. மூக்கை நக்குகிறது. கொட்டாவி விடுகிறது. விறைத்து நிற்கிறது. நாலு தடவை மரியாதையாக வேண்டாம் என்றுவிட்டு, அப்புறம்தான் குரலை உயர்த்துகிறது. நானாக இருந்தால் இரண்டாவது தடவையே கத்தியிருப்பேன்.

ஆனால் எதை வேண்டாம் என்கிறது?

மார்ச் 7
கண்டுபிடித்துவிட்டேன்! இவருக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. பதினெட்டு வருடப் பழக்கம்: யாராக இருந்தாலும் குனிந்து, முகத்துக்கு நேரே முகம் வைத்து, இமைக்காமல் கண்ணுக்குள் பார்ப்பார். முதல் தடவை என்னையும் அப்படித்தான் பார்த்தார். நான் காதல் என்று நினைத்தேன். துரை, சண்டைக்கு வருகிறார் என்று நினைக்கிறது!

அதன் கண்ணைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி உட்காரச் சொன்னேன். "என் வீட்டுல நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உட்காரணுமா?" என்று எகிறினார். ஏன், உட்கார்ந்தா என்ன குறைஞ்சு போயிடும்? அது இன்னும் எத்தனை வீடுதான் மாறும்? அழுதுவிட்டேன்.

மார்ச் 9
காலையில் தானாகவே தரையில் உட்கார்ந்தார், சுவரைப் பார்த்தபடி, கையில் செய்தித்தாள். இருபது நிமிடம். துரை பின்னால் வந்து முழங்கையை முகர்ந்துவிட்டு ஓடியது. முகர்ந்தது! "வந்துச்சா? வந்துச்சா?" என்று சுவரிடம் கிசுகிசுக்கிறார். நான் அடுப்படியில் குதித்தேன்.

மார்ச் 10, ஞாயிறு
பத்து மணிக்குக் காப்பகத்திலிருந்து போன். எத்தனை மணிக்குக் கொண்டு வருவீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இவர் தரையில்தான் இருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இப்ப எழுந்திருக்க முடியாதுங்க. கால் மேல தலைய வச்சுத் தூங்குது" என்றார்.

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"நாளைக்கும் முடியாதுங்க."