மாதேஸ்வரன் பேரில் ஒரு வள்ளம் சாமை

லண்டன்,
12-3-1962

கண்ணு இருசாயி,

நான் நலம். இந்தக் குளிரில் மூக்கு மட்டும் என் சொல் கேட்பதில்லை.

படிப்பு முடிந்தது. இங்குள்ள ஆய்வுக்கூடத்தில் நிரந்தர வேலை தருகிறார்கள். எனக்கு மனமில்லை. நம் மிளகுக் கொடிகள் ஏன் வாடிச் சாகின்றன என்று, யாரிடமும் சம்பளம் வாங்காமல், நம் காட்டிலேயே இருந்து ஆராய ஆசை. தோட்டக்காரர்களுக்கு மண்ணும் வேரும் பார்த்துச் சொன்னால் சாப்பாட்டுக்கு வரும். அமெரிக்காவில் சிலர் சொந்தமாகப் பலகை மாட்டி இப்படித்தான் பிழைக்கிறார்கள். இங்கிலாந்தில் ஒருவர் இருவர். என் ஜெர்மன் நண்பனோ, 'சம்பளமில்லாத விஞ்ஞானியை எங்கள் ஊரில் வேலை போனவன் என்பார்கள்' என்று சிரிக்கிறான். நம் நாட்டில் அப்படி ஒருவரையும் நான் அறியேன்.

அப்பா தலைகுனிவாரோ என்றுதான் பயம். அவர் வேண்டாமென்றால் இங்கேயே இருந்துவிடுவேன். உள்ளதை உள்ளபடி படித்துக் காட்டு. உன் குறும்பைக் கலக்காதே.

அன்புள்ள அண்ணன்,
மாதேஸ்வரன்


பெரக்கரை நாடு, கொல்லிமலை,
3-4-1962

லண்டன் மூக்கு அண்ணாவுக்கு, இருசாயியின் கும்பிடு.

ஆராய்ச்சியில் இனி ஆர் ஆட்சி? உங்கள் ஆட்சியேதான். எப்படி என்று கேளுங்கள்.

கலக்கவில்லை, குறைத்தேன். 'நிரந்தர வேலை தருகிறார்கள்' என்பதோடு நிறுத்தி, அவ்வளவுதானுங்கப்பா என்றேன். துள்ளுவார் என்று பார்த்தால் முகம் தொங்கிவிட்டது.

"ஆயுசுக்கும் அடுத்தவன் பண்ணையாளாப் போயிட்டானா என்ற மவன்?"

பயந்துபோய் மீதியை மூச்சுவிடாமல் படித்தேன். மிளகு வந்த இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார்.

நம்மூர்க் கோயில் நோம்பிக்குத் தன் காட்டில் தானே பாடுபடுகிறவன்தானே தன் பேரில் சாமிக்குச் சாமை அளப்பான்? நீங்கள் போனதிலிருந்து உங்கள் பங்கை அப்பா தன் வள்ளத்தோடு சேர்த்தே கொட்டிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை தனியாக ஒரு வள்ளம் அளந்து, "இது மாதேஸ்வரன் பேருக்கு" என்றார். கோயில் வாசலே திரும்பிப் பார்த்தது. நம் அர்த்தனாரி மாமா மட்டும் விடவில்லை.

"அப்ப அவனுக்குச் சம்பளம் ஆருங்க குடுப்பா?"

"எனக்கு ஆருடா குடுக்கறா?"

போகும்போது மாமா, தன் கொடியைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும் என்று என் காதில் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஜெர்மன்காரரையும் கூட்டி வாருங்கள். இங்கே எல்லாருமே வேலை போனவர்கள்தான்.

குறும்பு கலக்காத தங்கை,
இருசாயி


லண்டன்,
20-4-1962

கண்ணு,

உன் காதை வந்து திருகுகிறேன்.

இன்று வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். இனி யாரிடம் வேலை பார்க்கப் போகிறாய் என்று ஆய்வுக்கூடத்துப் பெரியவர் கேட்டார். எங்கள் மலையில் ஒருவரை அப்படிக் கேட்கும் வழக்கமில்லை என்றேன்.

அப்பாவின் மகன்,
மாதேஸ்வரன்