பத்தொன்பதாம் பக்கம்

ஜூலை 5, சனி

பிரெஞ்சு ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கம் முழுக்க வினைச்சொல் அட்டவணை. மெரின் திறந்தாலும் உடனே மூடிவிடுவாள். என் தங்கைக்கு என் பொருள் எல்லாம் அவள் பொருள்தான். பிரெஞ்சு மட்டும் வேண்டாம்.

இன்று இருபத்திரண்டு பிள்ளைகள் வந்தார்கள். சர்ச் மைதானத்தில் இத்தனை பேரைப் பார்த்ததே இல்லை. விக்டர் அண்ணா சேதராப்பட்டு கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்து, தூங்காமல் அப்படியே வந்து நின்றார். சனி, ஞாயிறு காலையில் மூலக்குளம் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் சொல்லித் தருவது அவராக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் எங்கும் படித்து வரவில்லை. நான் அவருக்கு உதவி. ப்ளஸ் ஒன் படிக்கிறவளை எட்டு வயதுப் பிள்ளைகள் "கோச் அக்கா" என்று கூப்பிடும்போது முதுகு தானாக நிமிர்கிறது.

பிரான்சில் இருக்கும் ஆரோன் மாமா மே மாதம் ஒரு பை அனுப்பினார். பந்து, கூம்பு, விசில். கூடவே, அங்கே அவர் மகன் ஆடும் கிளப்பில் இலவசமாகக் கற்றுத் தருகிறவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சித் தாள்கள், இருபது பக்கம். எல்லாம் பிரெஞ்சு. மார்க்குக்காக எடுத்த பாடம் இப்படி உதவும் என்று நினைக்கவில்லை. பதினேழு பக்கத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்று ஏழாம் பக்கத்து ஆட்டம் ஆடவிட்டேன், ஒரே கூச்சல், ஒரே சிரிப்பு.

கடைசி மூன்று பக்கத்தில் படமே இல்லை. நெருக்கி நெருக்கி எழுத்து. "மீதி என்னா பிரிசி?" என்று அண்ணா கேட்டார். "இன்சூரன்ஸ், ஃபார்ம், அது இதுண்ணா. முக்கியமா ஒண்ணும் இல்ல" என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி ஒரு இடத்திலாவது எழுதி வைக்கணும்.

காலை எட்டரை. "பத்து நிமிஷம் பாத்துக்க பிரிசி" என்று சொல்லிவிட்டு விக்டர் அண்ணா தண்ணீர் கேன் எடுத்து வரப் போனார். பிள்ளைகளில் வெற்றிவேலும் இன்னொரு பையனும் ஒரே பந்துக்கு எகிறினார்கள். மண்டையும் மண்டையும் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. அந்தப் பையன் எழுந்துவிட்டான். வெற்றிவேல் எழவில்லை. கண் திறந்துதான் இருந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் எதையோ பார்த்தான். எவ்வளவு நேரம்? பத்து எண்ணுகிற நேரம் இருக்குமா? தெரியல.

நம் வீடுகளில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். புடைத்த இடத்தை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தேன். துப்பட்டா நுனியைச் சுருட்டி, வாயால் ஊதி ஒத்தடம் கொடுத்தேன். முகத்தில் தண்ணீர் தெளித்தேன்.

"இது எத்தன?"

"மூணு."

"ஆடறியா?"

"ஆடறேங்க்கா."

"வீரன்டா நீ." முதுகில் தட்டி நானே உள்ளே அனுப்பினேன். நானே.

கொஞ்ச நேரத்தில், யாரும் இடிக்காமலே, கால் பின்னி விழுந்தான். தலை தரையில் பட்டது. அண்ணா கேனோடு கேட்டுக்குள் நுழைந்த நேரம். வெற்றிவேல் வாந்தி எடுத்தான்.

ஆட்டோ பிடித்துக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். "எத்தன தடவ அடிபட்டுது?" என்று டாக்டர் கேட்டார். "ஒரு தடவ சார், தடுக்கி வுழுந்துட்டான்" என்றார் அண்ணா. அவர் பார்த்தது அதைத்தான். அவர் பொய் சொல்லவில்லை. நான் சுவரோரம் நின்றேன். வாயைத் திறந்தேன். மூடிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

எழுத முடியல.

ஜூலை 8, செவ்வாய்

வெற்றிவேல் வீட்டுக்கு வந்துவிட்டான். ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம். ஒரு வாரம் ஓய்வு, பிறகு கூட்டி வந்து காட்டிவிட்டு ஆடட்டும் என்றாராம் டாக்டர்.

பள்ளி விட்டதும் போய்ப் பார்த்தேன். அவன் அம்மா நிர்மலா அக்கா துணிக்கடையில் வேலை செய்கிறார். இரண்டு நாள் லீவு போட்டிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேள, நீ பக்கத்துல இருந்தியேம்மா" என்றார். டீ போட அவர் உள்ளே போனதும் வெற்றிவேல் என் சட்டையை இழுத்தான்.

"பிரிசிக்கா, மொதல்ல இடிச்சிக்கினத சொல்லிடாத. சொன்னா அம்மா ஆடவே வுடாது."

"சொல்லல."

ஒன்பது வயதுப் பிள்ளையும் நானும் சேர்ந்து ஒரு ரகசியம்.

ஜூலை 9, புதன்

ஆரோன் மாமா அனுப்பிய தாள்களை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. பத்தொன்பதாம் பக்கத்தின் தலைப்பு: தலையில் அடிபட்டால்.

அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். பிள்ளை மயங்கித்தான் விழ வேண்டும் என்று இல்லையாம். ஒரு நொடி பார்வை வேறெங்கோ போனாலும் வெளியே கூட்டி வந்துவிட வேண்டும். அன்று திரும்ப உள்ளே அனுப்பவே கூடாது. ஆடுகிறாயா என்று பிள்ளையைக் கேட்காதே, எந்தப் பிள்ளையும் ஆடுகிறேன் என்றுதான் சொல்லும் என்று போட்டிருக்கிறது. அதை எழுதியவர் அன்றைக்கு எங்கள் மைதானத்தில் நின்றாரா?

கீழே இருந்ததை மூன்று முறை படித்தேன். ஸ்கேன் சரியாக இருந்தாலும் ஆடலாம் என்று அர்த்தமில்லை. முதல் அடி ஆறுவதற்குள் இன்னொன்று பட்டால் ஆபத்து அதிகம். எத்தனை முறை, எப்போது என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

டாக்டருக்கு ஒன்று மட்டும்தான் தெரியும். இரண்டு என்று தெரிந்தவள் நான். தெரிந்த இன்னொருவன் எப்போது ஆடவிடுவார்கள் என்று நாள் எண்ணிக்கொண்டு இருக்கிறான்.

இந்தத் தாள் இரண்டு மாசமா என் அலமாரியில இருக்கு. முக்கியமா ஒண்ணும் இல்லன்னு சொன்னவ நான்தான்.

ஜூலை 11, வெள்ளி

விக்டர் அண்ணாவிடம் சொன்னேன். பஸ் ஸ்டாப்பில் வைத்து. முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் அங்கே இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"ஸ்கேன்லதான் ஒண்ணும் இல்லியே."

"அது போதாதுன்னு போட்டிருக்குண்ணா."

"இப்பப் போயி சொன்னா என்னா ஆகும் தெரியுமா? ஃபாதர் மைதானத்தப் பூட்டிடுவாரு. பசங்கள ஒரு ஸ்கூல் பொண்ணுகிட்ட வுட்டுட்டு எங்கடா போனேன்னு என்னைய கேப்பாங்க."

"தண்ணி எடுக்கத்தானே போனீங்க."

"அதச் சொல்லு, கேட்டுக்குவாங்க!" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வுடு பிரிசி. இன்னும் ரெண்டு வாரம் அவன் வராம நான் பாத்துக்கறேன்" என்றார்.

எனக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது. பஸ் வந்தது. ஏறிவிட்டேன். இப்போது நல்ல வழியாகப் படவில்லை.

ஜூலை 12, சனி

மழை. பயிற்சி இல்லை. நாளைக்கு நிர்மலா அக்காகிட்ட சொல்லணும். பயம் போகல. போகும்னு காத்திருந்தா அவன் அதுக்குள்ள வந்து நின்னுடுவான்.

ஜூலை 13, ஞாயிறு

வந்து நின்றுவிட்டான்.

ஷூ மாட்டிக்கொண்டு, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு. "ஒரு வாரம் ஆயிடுச்சு. தலவலி இல்லங்கறான். வூட்ல ஒரே அழுக" என்றார் நிர்மலா அக்கா. டாக்டரிடம் காட்டவில்லை, இனி லீவு கிடைக்காதாம். வெற்றிவேல் வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். அவ்வளவு வெயில் கிடையாது.

விக்டர் அண்ணா என்னைப் பார்த்தார். "ஓரமா நின்னு ரெண்டு பாஸ் அடிக்கட்டும்" என்றார்.

"வேணாம்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

வெற்றிவேல் கத்தினான். "நீ ஒண்ணும் கோச்சு இல்ல! விக்டரண்ணன்தான் கோச்சு!"

"என்னம்மா நீ?" என்றார் அக்கா. "பெத்தவ நானே சரின்னு கூட்டியாந்திருக்கேன்."

சொல்லிவிட்டேன். அவன் முதலில் மண்டையில் இடித்துக்கொண்டது, கண் எங்கேயோ போனது, நான் தேய்த்துவிட்டது, வீரன் என்றது, திரும்ப அனுப்பியது. எல்லாப் பெற்றோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். எங்கேயும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரியும்.

நிர்மலா அக்கா அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில நீ எங்கடி நின்ன?"

"செவுத்தோரம்க்கா."

"அப்ப வாய் எங்க இருந்துச்சு?"

ஆட்டோ பிடித்தார். நான் கூட ஏறினேன். ஏறு என்றும் சொல்லவில்லை, இறங்கு என்றும் சொல்லவில்லை. டாக்டரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெற்றிவேலை ஒரு கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் அவன் கோட்டை விட்டு விலகினான். தலைவலி இருக்கா என்று கேட்டதற்கு அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டே "தெனமும்" என்றான்.

ஒரு மாதம் ஆட்டம் கிடையாது. ஓட்டம் கிடையாது, செல்போன் கிடையாது. வாரா வாரம் வந்து காட்டணும். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார். அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

ஜூலை 14, திங்கள்

வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"அடுத்தவங்க வூட்டுப் புள்ளய பாத்துக்கற வேலய உனக்கு யாரு குடுத்தா?"

யாரும் கொடுக்கவில்லை. நான் விரும்பி எடுத்துக்கொண்டேன். அது தப்பா? தெரியாமல் எடுத்துக்கொண்டது தப்பு. அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஜூலை 16, புதன்

பத்தொன்பதாம் பக்கத்தைத் தமிழில் எழுதுகிறேன். இன்று ஐந்து வரி. அகராதித் தமிழில் எழுதினால் பிள்ளைகளை ஆட அனுப்பும் கலியமூர்த்தி அண்ணன் மாதிரி ஆட்கள் நான் செய்த மாதிரியே தள்ளி வைத்துவிடுவார்கள். அதனால் பேசுகிற மாதிரி எழுதுகிறேன். "தேய்க்காதீங்க" என்று முதல் வரியிலேயே போட்டேன். பிரெஞ்சில் அது இல்லை. அங்கே யாரும் தேய்க்க மாட்டார்கள் போல.

ஜூலை 18, வெள்ளி

முடிந்தது. பதினெட்டும் இருபதும்கூட. இருபதாம் பக்கம் நிஜமாகவே இன்சூரன்ஸ்.

ஜூலை 20, ஞாயிறு

சர்ச் வராந்தாவில் பெற்றோர் கூட்டம். நின்றுகொண்டே படித்தேன்.

பாதியில் கலியமூர்த்தி அண்ணன் குறுக்கே வந்தார். அவருக்கு இரண்டு பிள்ளைகள் ஆடுகிறார்கள். "இதெல்லாம் பிரான்ஸ் புள்ளைங்களுக்கும்மா. நம்ப பசங்களுக்கு மண்ட கெட்டி." எல்லாரும் சிரித்தார்கள்.

பின்வரிசையில் நிர்மலா அக்கா. அவர் வந்திருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். "என் புள்ளைக்கும் கெட்டின்னுதான் நெனச்சேன். கோடு போட்ட எடத்துல நடக்க முடியல அவனால. படிக்கட்டும், கேளுங்க."

முடிவு: மைதானத்தைப் பூட்டவில்லை. ஆனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முன்வருகிற எல்லாரும் பயிற்சி எடுக்கும்வரை பந்து வெளியே வராது. இனி எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். நான் பெரியவள் இல்லை. பதினெட்டு ஆகும்வரை பிள்ளைகளைத் தனியாக என்னிடம் விடக்கூடாது.

விக்டர் அண்ணா எழுந்தார். "தப்பு எம்மேலயும்தான். பந்த எட்டி ஒதைக்கத் தெரிஞ்சா போதும்னு நெனச்சுட்டேன்" என்றார். அழுகையை அடக்க மூக்கை உறிஞ்சினார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது.

ஜூலை 21, திங்கள்

"கோச் அக்கா" இல்லை இனி. கொஞ்சம் அழுதேன். மெரின் என்னவென்று கேட்டாள். பிரெஞ்சு என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பயிற்சி நாள். கலியமூர்த்தி அண்ணனின் தங்கை அஞ்சலாட்சி அக்கா நர்ஸ். அவர் வந்து சொல்லிக் கொடுத்தார். நான் தாளைப் படிக்க, அவர் செய்து காட்ட. கற்றுக்கொள்ள வந்தவர்கள் நாலு பேர். நாலாவது ஆள் நிர்மலா அக்கா! கடையில் ஞாயிறு அரைநாள் கேட்டு வாங்கியிருக்கிறார். என்னிடம் பேசவில்லை. நோட்டு மட்டும் கொண்டு வந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

அடிபட்ட பிள்ளையாக என்னைத் தரையில் படுக்க வைத்தார்கள். கலியமூர்த்தி அண்ணன்தான் கோச். ஓடி வந்தார், குனிந்தார், என் மண்டையைப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே! மொத வரியே அதான்!" என்று அஞ்சலாட்சி அக்கா கத்தினார்.

"கை அதுவா போவுதுடி, நான் என்னா பண்றது?"

நாலாவது தடவைதான் கை போகவில்லை. அதுவரை படுத்தே கிடந்தேன். முதுகெல்லாம் மண். மறுபடி, மறுபடி என்று நான்தான் சொல்லிக்கொண்டு இருந்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

பந்து வெளியே வந்தது. மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான். கூம்பு எடுத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பூசை முடிந்து, கொடியேற்றி, வைத்திக்குப்பம் பிள்ளைகளோடு மேட்ச். அணிக்கு ஏழு பேர். மணலில் ஓடிப் பழகிய கால்கள் அவர்களுக்கு, புல் தரையில் பறந்தார்கள். ஆனாலும் பாதி ஆட்டத்தில் ஒன்றுக்கு ஒன்று. எங்கள் கோலை அடித்தவன் கலியமூர்த்தி அண்ணனின் சின்ன மகன் விக்ரம்.

அவன்தான் கோல் கம்பத்தில் தலையை இடித்துக்கொண்டான். பலமாக இல்லை. உடனே எழுந்து நின்றுவிட்டான். ஒரு நொடி எங்கே நிற்கிறோம் என்று தெரியாதவன்போல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். அவ்வளவுதான். கயிற்றுக்கு வெளியே நான் எழுந்துவிட்டேன். கத்தணும் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் நிர்மலா அக்கா கையை உயர்த்திக்கொண்டு உள்ளே நடந்து போய்க்கொண்டு இருந்தார். ஓடவில்லை. விக்டர் அண்ணா விசில் ஊதினார். மாற்று ஆள் கிடையாது: பேர் கொடுத்திருந்த எட்டாவது பையனுக்குக் காய்ச்சல், வெற்றிவேலுக்கு டாக்டர் இன்னும் சரி சொல்லவில்லை. ஆறு பேர்தான்.

"அக்கா, நல்லாத்தான் இருக்கான்!" என்று யாரோ கத்தினார்கள். கலியமூர்த்தி அண்ணன் கோட்டருகே நின்றவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அக்கா விக்ரமின் தோளைப் பிடித்து நேராக என்னிடம் கூட்டி வந்தார். ஜூலை 13-க்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"இவன உங்கிட்ட வுடறேன். எழுந்தா புடிச்சு ஒக்கார வை. வாந்தி, தலவலின்னு எது சொன்னாலும் கூப்புடு."

"சரிக்கா."

"கத்திக் கூப்புடு."

"கத்தறேங்க்கா."

அவர் போனதும் விக்ரம் என்னைக் கெஞ்சினான். "நான் நல்லாத்தான்க்கா இருக்கேன். ப்ளீஸ்க்கா. தோத்துருவோம்."

தோற்றுத்தான் போனோம். மூன்றுக்கு ஒன்று. கடைசி விசில் வரைக்கும் அவன் சட்டையை நான் விடவில்லை.