ஈரம் காயாத பச்சைப் பெயிண்ட்

காலையில் கடலை மில்லுக்குள் நுழைந்ததுமே பெயிண்ட் வாடை அடித்தது. நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருகிறார். மூலையில் கழற்றிப் போட்டிருந்த கம்பிவலைக் கூண்டுகளுக்குப் பச்சை அடித்து, பெல்ட் சக்கரங்களின் மேல் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர் தலை மறைந்ததும் கழற்றிவிடுவார்கள். உனக்குத் தெரியாததா? ஊத்தங்கரையில் நீ காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று போன வாரம் பஸ் கண்டக்டர் சொன்னான். அன்றிலிருந்து மனசுக்குள் உன்னோடு பேசிக்கொண்டேதான் இருக்கிறேன்.

நீ இங்கே வேலையில் இருந்த அந்தக் கடைசி ஆயுதபூசையை நினைத்தால் இன்னும் அருவருப்பாக இருக்கிறது. சந்தனம், குங்குமம் வைப்பதற்காகக் கூண்டுகளைக் கழற்றினோம். மறுநாள் நீ ஸ்பானரோடு போய் மாட்டப் பார்த்தாய். முதலாளி தடுத்தார்.

"பொட்டு வெச்ச சக்கரத்தக் கூண்டுல அடைக்கறதா? சாமிக்கு ஜெயிலாடா? பொட்டு தானா அழியட்டும், அப்புறம் மாட்டிக்கலாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். மேனேஜரான நானும் ஆட்டினேன். தொழிலாளர் பாதுகாப்புக்குப் பொறுப்பு என்று காகிதத்தில் இருந்தது என் பெயர்தான். கிருஷ்ணகிரிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உரிமையில், ஃபிட்டரான நீ என் அறைக்கே வந்தாய்.

"சாமி கோச்சுக்கினா தேங்கா ஒடச்சிக்கலாம்பா. கை போனா எத ஒடச்சி ஒட்ட வெப்ப? நீ ஒரு வார்த்த சொல்லேன்."

பொட்டு அழியட்டும் என்று நானும் அதே பாட்டைப் பாடினேன்.

கடலைத் தூசி படிந்து பொட்டு இறுகியதே தவிர அழியவில்லை. பத்தாம் நாள், கடலை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த ராஜம்மாவின் முந்தானையை பெல்ட் பிடித்து இழுத்தது. நீ ஓடிப்போய்க் கழியால் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து தள்ளிவிட்டாய். அதற்குள் அவளுடைய வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. சாயங்காலம் முதலாளி பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழித்தார். தூ!

இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்த அன்று காலையில்தான் கூண்டுகள் பச்சை அடித்து மாட்டப்பட்டன. விபத்துப் புத்தகத்தில் "தொழிலாளியின் அசட்டையால்" என்று நான் எழுதிவைத்திருந்தேன். நீ அவர் எதிரிலேயே கம்பிவலையைத் தடவி, பச்சை ஒட்டிய விரலை நீட்டினாய்.

"பாருங்க சார், இன்னும் காயவே இல்ல. அவ கை போனப்ப இது இங்க கெடையாது."

"அப்படியா மேனேஜர்?"

"பழைய கூண்டுதான் சார். பெயிண்ட்தான் புதுசு" என்றேன்.

அது பொய்கூட இல்லை, பார். அதனால்தான் இன்னும் அதிகமாக நாறுகிறது. அவர் எழுதிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். மறுநாள் உன்னை வேலையிலிருந்து நீக்கிய உத்தரவை நானே எழுதி நானே உன் கையில் கொடுத்தேன். நிதானமாகப் படித்தாய்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்குதுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். அப்புறம் நான் உன்னைப் பார்க்கவே இல்லை.

நாளைக்காவது இன்ஸ்பெக்டரிடம் உண்மையைச் சொல்வேன் என்று உனக்குச் சத்தியம் செய்ய வேண்டும். நாக்கு எழவில்லை. நான் எப்பேர்ப்பட்டவன் என்று உனக்கும் தெரியும்.

ராஜம்மா இப்போது மில் வாசலைக் கூட்டுகிறாள். என்னைக் கண்டால் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு இடது கையை நெற்றிக்கு உயர்த்துவாள். இன்று காலையிலும் உயர்த்தினாள்.

"பீச்சாங்கையில கும்புடறேன் சாமி, தப்பா எடுத்துக்காதீங்க."

"பரவாயில்லம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.