பதினாறு கோரும் ஒரு செருப்பும்

ஜனவரி 11

அடி உம்மணாமூஞ்சி,

நான் நலம். உன் நலத்தைக் கேட்டால் "என்னத்த நலம்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய், அதனால் கேட்கவில்லை.

பெட்டியில் ரெண்டர் ஓடுகிறது. ஒரே ஒரு சமையலறைதான். அலமாரி, ஜன்னல், குழாய் எல்லாம் வரைந்து கொடுத்துவிட்டேன். வெளிச்சம் எங்கே விழும், நிழல் எங்கே விழும் என்று கணக்குப் போட்டு அதைப் படமாக்க இந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு இன்னும் ஐந்து மணி நேரம் வேண்டுமாம். நடுவில் மவுஸைத் தொட்டால் படுத்துவிடும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். பயிற்சி நிலையத்தில் நம் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பெட்டி கொடுத்தார்களே, ரெண்டர் ஓடும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே நோட்டைக் கிழித்துக் கடிதம் எழுதிக்கொள்வோமே, அந்தக் கெட்ட பழக்கம் கல்யாணமாகி ஊர் மாறியும் என்னை விடவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கடையில் எட்டு கோர் ப்ராசஸர் வந்திருக்கிறது. என்னுடையதில் இருப்பது இரண்டு. "ரெண்டு பேர் செய்யற வேலைய எட்டு பேர் செய்வாங்க மேடம், அவ்வளவுதான்" என்றார் கடைக்காரர். இரண்டு வருடமாக வீடு வரைந்து சேர்த்தது அப்படியே இருக்கிறது. என் பல் டாக்டர் கணவரும், "வேணும்னா வாங்கிக்கோயேன், இதுக்குப் போய் என்ன யோசனை" என்கிறார்.

வாங்கட்டுமா? உன்னைக் கேட்காமல் போன வருடம் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். அது பெட்டிக்குள் நுழையவே இல்லை. இப்போது மேசையில் காகிதம் பறக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த விஷயத்தில் நீ சொல்வதுதான் எனக்கு வேதவாக்கு.

உன்
அவசரக்குடுக்கை


ஜனவரி 19

அன்புக் குடுக்கைக்கு,

உன் கடிதம் வந்தது. படித்ததும் வயிறு எரிந்தது. உன்னிடம் என்ன மறைப்பது?

"வாங்கிக்கோயேன்" என்று சொல்ல ஒரு ஆள். ஜன்னல் வைத்த தனி அறை. உனக்கென்னடி, மகராசி. என் பெட்டி சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் இருக்கிறது. அண்ணி தட்டுகளோடு வந்தால் மானிட்டரைத் தூக்கிக் கட்டிலில் வைக்க வேண்டும். நேற்று அண்ணன் மகள் ஒயரைத் தட்டிவிட்டாள், இரண்டு நாள் ஓடிய ரெண்டர் போயே போச்சு. "இன்னொரு தடவ போட்டா வராதா அத்தை?" என்று கேட்டாள். குழந்தையைத் திட்டவும் முடியவில்லை. பகலெல்லாம் அச்சகத்தில் விசிட்டிங் கார்டு செய்கிறேன், மிச்ச நேரத்தில்தான் வீடுகள். அடுத்தவர் குடியிருக்கப் போகிற அறைகளை வரைந்து வரைந்தே கை தேய்கிறது.

சரி, கேட்டதற்குப் பதில். பொறு. ஏப்ரலில் பதினாறு கோர் வருகிறது என்று எல்லாப் பத்திரிகையிலும் எழுதுகிறார்கள். அது கடைக்கு வந்த மறுவாரமே எட்டு கோர் விலை இறங்கும். இப்போது வாங்கினால் ஏப்ரலில் தலையில் அடித்துக்கொள்வாய். சத்தியமாக இது வயிற்றெரிச்சலில் சொல்வதல்ல. கொஞ்சம் இருக்கலாம், ஆனால் கணக்கு சரிதான்.

ஒரு வரவேற்பறை முடித்தேன். வழக்கம்போல் படத்தின் வாசலில் உன் செருப்பைப் போட்டிருக்கிறேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று உதறிவிட்டு ஓடுவாயே, ஒன்று நேராகவும் ஒன்று கவிழ்ந்தும் கிடக்குமே, அதேதான். எத்தனை படத்தில் போட்டுவிட்டேன், இன்றுவரை ஒரு வாடிக்கையாளரும் பார்த்ததில்லை. இதோடு ஆறு பக்கம் ஆகிவிட்டது. ரெண்டர் இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை. அண்ணி தட்டோடு வருகிறார்கள், எழுந்திருக்கிறேன்.

உன்
உம்மணாமூஞ்சி


ஏப்ரல் 28

அடி என் தீர்க்கதரிசி,

நீ சொன்னபடியே நடந்தது! பதினாறு கோர் வந்துவிட்டது, கண்ணாடிப் பெட்டிக்குள் நகை மாதிரி வைத்திருக்கிறார்கள். அதன் விலையைக் கேட்டுவிட்டு மரியாதையாகப் பின்னால் நகர்ந்துவிட்டேன். ஆனால் எட்டு கோர் நன்றாகவே இறங்கியிருக்கிறது. மூன்று மாதம் பொறுத்தேன் பார்த்தாயா? "உனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அவரே கேட்டுவிட்டார்.

இப்போது அவசரம் வேறு வந்துவிட்டது. ஒரு கட்டுமான நிறுவனம் போட்டி வைத்திருக்கிறது. நாற்பது வீடுள்ள குடியிருப்பு, இன்னும் அஸ்திவாரம்கூடப் போடவில்லை. வாசலில் நுழைந்து மாடி வரை நடந்து போவது போல மூன்று நிமிடப் படம் செய்து மே 31க்குள் அனுப்ப வேண்டும். ஜெயிப்பவருக்கு ஒரு வருடம் அவர்களுடைய வேலை எல்லாம். யார் வேண்டுமானாலும், எந்த ஊரிலிருந்தும் அனுப்பலாம். விதிமுறைகளை அப்படியே இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நீயும் போடேன்.

கணக்குப் பார்த்துவிட்டேன். என் கிழவனில் மூன்று நிமிடம் ஓட இரண்டு மாதம். எட்டு கோரில் பதினைந்து நாள்.

எனக்கு இது வேண்டும்டி. வெட்கமில்லாமல் சொல்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் என்னை, "இவ பொழுதுபோக்குக்கு ஏதோ படம் வரைவா" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். பாசமாகத்தான் சொல்கிறார், அதுதான் இன்னும் எரிச்சல். ஒரு தடவை அவர் வாயை அடைக்க வேண்டும்.

நாளைக்கே போய் வாங்கட்டுமா? உன் பதில் வரும்வரை கடைப் பக்கம் போகமாட்டேன், சத்தியம்.

உன்
குடுக்கை


மே 5

அன்புக் குடுக்கைக்கு,

வாங்காதே. இப்போது வந்திருப்பவை சூடாகி நின்றுவிடுகின்றன என்று பேச்சு அடிபடுகிறது. ஜூனில் திருத்திய வகை வருகிறது, விலை இன்னும் இறங்கும். நாற்பது வீட்டை ஒரு மாதத்தில் வரைந்து முடிப்பது நடக்கிற காரியமா? இந்தப் போட்டி போனால் இன்னொன்று. நானும் போடப்போவதில்லை, அச்சகத்தில் தலைக்கு மேல் வேலை.

ரெண்டர் முடிந்துவிட்டது. நிறுத்திக்கொள்கிறேன்.

உம்மணாமூஞ்சி


ஜூலை 2

உம்மணாமூஞ்சிக்கு,

நீ சொன்னபடி வாங்கவில்லை. மனசு கேட்காமல், அசையாத படங்களாக ஆறு மட்டும் செய்து போட்டிக்கு அனுப்பினேன். தேறவில்லை. ஆனால் அனுப்பிய எல்லோரையும் நேற்று அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, ஜெயித்த படத்தைப் பெரிய திரையில் போட்டார்கள். செய்த பெண்ணால் வரமுடியவில்லை என்றார்கள். பெயரும் சொல்லவில்லை.

அந்தப் படம் எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? மாடிப்படியில் வெயில் ஏறுகிற இடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் "அடேயப்பா" என்றார். எனக்குக் காதில் புகை வராத குறை. யாரடி இவள், இவ்வளவு வெளிச்சத்தை ஒரு மாதத்தில் ஓடவிட எத்தனை கோர் வைத்திருப்பாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது மாடி. ஒரு வீட்டுக் கதவு திறந்தது. வாசலில் ஒரு ஜோடி செருப்பு. ஒன்று நேராக, ஒன்று கவிழ்ந்து.

ஜனவரியில் எனக்கு ஆறு பக்கம் எழுதினாய். மே மாதம் அரைப் பக்கத்தில் ரெண்டர் முடிந்துவிட்டது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் சொல். எப்போது வாங்கினாய்?

குடுக்கை


ஜூலை 9

என் குடுக்கைக்கு,

ஏப்ரல் 20. அம்மா போட்ட சங்கிலியை விற்றுவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். பதினாறு கோர்.

வாங்கியதும் உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதவில்லை. உன்னிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்பதைக் கொஞ்ச நாள் தனியாக வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவைடி. அந்த நேரம் பார்த்து உன் கடிதம் வந்தது. நீ எட்டு கோர் வாங்கிவிட்டால் நாம் சமம் என்று நினைப்பாய். எப்படிச் சமம்? உனக்கு ஜன்னல், அறை, "வாங்கிக்கோயேன்" என்கிற மனிதர், அதற்கு மேல் ப்ராசஸரும். எனக்குப் பெட்டி மட்டும். மனசு பொறுக்கவில்லை. சூடாகி நிற்கிறது என்றது பொய். ஜூன் வகை பொய். போட்டியில் போடப்போவதில்லை என்பதும் பொய். ஜனவரியில் சொன்னது மட்டும் நிஜம், அதைத் தயவுசெய்து நம்பு.

அனுப்புவதற்கு முன் மூன்றாவது மாடி வாசலைப் பார்த்தேன். செருப்பு கிடந்தது. அழிக்க ஒரு நொடி போதும். கை வரவில்லை. நீ பார்க்க வேண்டும் என்றே விட்டேனோ என்னவோ.

ஒரு வருட வேலை என் ஒருத்தியால் முடியாது. பாதி உன்னுடையது, பெயரும் பாதி. பெட்டியோடு உன் ஊருக்கே வந்துவிடுகிறேன், முன்பு போல ஒரே பெட்டி, காலையில் நீ, மாலையில் நான். திட்டியாவது ஒரு வரி எழுது. எத்தனை பக்கம் திட்டினாலும் வாசிக்கிறேன்.

என்றும் உன்
உம்மணாமூஞ்சி


ஜூலை 17

உம்மணாமூஞ்சிக்கு,

திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை.

பிறந்ததிலிருந்து நான் எதற்கும் பொறுத்ததில்லை. ஒரே ஒரு தடவை பொறுத்தேன், நீ சொன்னாய் என்று. வேறு யார் சொல்லியிருந்தாலும் மறுநாளே போய் வாங்கியிருப்பேன்.

பொறாமை உனக்கு மட்டும் சொந்தமில்லை. பயிற்சி நிலையத்திலேயே உன் வெளிச்சத்தைப் பார்த்து எனக்குப் பொறாமை. என்னிடம் நூறு கோர் இருந்தாலும் அந்த மாடிப்படி வெயில் எனக்கு வராது. அது தெரிந்துதான் உன்னையும் போடச் சொல்லி விதிமுறைகளை அனுப்பினேன். பொய் சொல்லாமலே நீ ஜெயித்திருப்பாய். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டியிருப்பேன்.

பாதி வேலை வேண்டாம். பெயரும் வேண்டாம்.

நேற்று எட்டு கோர் வாங்கிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. நன்றாக ஓடுகிறது, சூடாகவே இல்லை. ஜனவரியில் சொன்ன அதே சமையலறையைத்தான் முதலில் போட்டேன். இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கும்போது தொடங்கியது, இதோ முடியப் போகிறது. இனிமேல் கடிதம் எழுதுகிற அளவுக்குக் காத்திருக்க வேண்டியிருக்காது.

ஒன்று கேட்கிறேன். இனி உன் படங்களில் அந்தச் செருப்பைப் போடாதே. அதை நான் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

குடுக்கை