காலி லைனில் அளந்த நேரம்

மார்ச் 4, செவ்வாய்

என் மதிப்பீட்டை இன்று கூட்டத்தில் சகலை கிழித்துத் தொங்கவிட்டான். பாட்டில் நிரப்பும் லைனுக்கு எவ்வளவு பெரிய புரோகிராம் வரும், லைனை இயக்கும் கன்ட்ரோலர் அதை மேலிருந்து கீழ்வரை ஒரு சுற்று ஓட்ட எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று வரி வரியாகக் கணக்குப் போட்டிருந்தேன். சின்ன கன்ட்ரோலர் என்றால் நாற்பது மில்லிசெகண்ட். பாட்டிலோ முப்பதில் சென்சாரைத் தாண்டிவிடும். பெரியதுதான் வேண்டும் என்றேன்.

"சின்னதே போதும். அண்ணனுக்கு எல்லாத்துக்கும் பயம். மழையே இல்லாட்டியும் குடையோடதான் கிளம்புவார்" என்றான். முதலாளி உட்பட எல்லாரும் சிரித்தார்கள்.

நான் சேர்த்துவிட்ட வேலை அது! மனைவியின் தங்கை புருஷனாச்சே என்று முதலாளி காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கிக் கொடுத்தேன்.

மார்ச் 6, வியாழன்

லைன் அவன் கைக்குப் போய்விட்டது. ஓட்டிக்காட்டினால் தலைமைப் பொறியாளர் நாற்காலியும் அவனுக்குத்தானாம். இருக்கட்டும்.

மார்ச் 11, செவ்வாய்

மாட்டிக்கொண்டான்! சின்ன கன்ட்ரோலரில் புரோகிராமை ஏற்றிவிட்டு, "பாருங்கண்ணா, ஒரு சுற்றுக்கு வெறும் பதினாலு" என்று திரையைக் காட்டினான். லைன் நின்றுகொண்டிருக்கிறது. பெயருக்கு ஒரு பாட்டில்கூட இல்லை. வேலை இல்லாதபோது கன்ட்ரோலர் பாதிப் புரோகிராமைத் தாண்டிக் குதித்துவிடும். நிரப்புவது, மூடுவது, எடை போடுவது எல்லாம் சேர்ந்து ஓடும்போது அளக்கணும்டா, மடையா!

ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்வேனா? "சூப்பர்ப்பா" என்று தோளில் தட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

"என்ன, ரெண்டு நாளா பாட்டெல்லாம் பலமா இருக்கு?" என்கிறாள் மனைவி.

மார்ச் 19, புதன்

வாடிக்கையாளர் முன்னால் சோதனை ஓட்டம். நான் முன்வரிசையில். வேகத்தைக் கூட்டினார்கள். கன்ட்ரோலர் ஒரு சுற்றை முடித்துத் திரும்பிப் பார்ப்பதற்குள் பாட்டில் சென்சாரைத் தாண்டிப் போய்விட்டது. மூடிகள் வெறும் கன்வேயரில் விழுந்தன. பாட்டில்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நொறுங்கின, தரையெல்லாம் சிரப். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

எல்லார் காதிலும் விழும்படி கேட்டேன்: "மழை பெய்யுதுப்பா. குடை வேணுமா?"

வயிறு குளிர்ந்தது. பொய் சொல்வானேன்.

மார்ச் 24, திங்கள்

அவனை அனுப்பிவிட்டார்கள். நாற்காலி எனக்கு.

மார்ச் 30, ஞாயிறு

கொழுந்தியாள் வந்து அக்காவிடம் அழுதுவிட்டுப் போனாள். "பயந்துக்கிட்டேதான் இருந்தார்க்கா. அண்ணனே சூப்பர்னுட்டார், அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அன்னைக்குத்தான் நிம்மதியா சாப்பிட்டார்."

என்னை நம்பினானா? அவனா?

மனைவி கேட்டாள்: "தப்புன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"அத்தனை பேர் முன்னாடி அவன் என்னை—"

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

வெகுநேரம் பாத்திரம் தேய்த்தாள். பிறகு சொன்னாள்: "அடுத்த ஞாயிறு ரெண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். நீங்க ஆபீஸ் போயிடுங்க. அதான் நாற்காலி இருக்கே."

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆபீஸில் இருக்கிறேன். காவலாளி எட்டிப் பார்த்து, "சார், இன்னைக்கு லீவாச்சே?" என்றார். வேலை இருக்கிறது என்றேன்.